ஆள் இருக்கிற நாற்காலி

உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், நான் உட்கார்ந்திருப்பது அப்பா நாற்காலி. முதுகுச் சாய்வில் சிவப்புத் தாளை ஒட்டி அதில் கறுப்பு மையால் எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சீனம் படிக்கத் தெரியாது, ஆனால் இந்த இரண்டு எழுத்து மட்டும் தெரியும், ஹேமா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். கத்தரிக்கோலை விரித்து வைத்தது போல இருந்தால் அப்பா. பெட்டிக்குள் இரண்டு புள்ளி இருந்தால் அம்மா. பெட்டியும் புள்ளியும் பக்கத்து நாற்காலியில் இருக்கின்றன, நான் கத்தரிக்கோலில் சாய்ந்துகொண்டிருக்கிறேன். சரி, மாறி உட்கார்ந்தால் போயிற்று, பையைத் தூக்கிக்கொண்டு ஒரு எட்டு நகர வேண்டும், அவ்வளவுதானே, இதற்குப் போய் என்ன யோசனை. ஆனால் தெரியாமல்தான் உட்கார்ந்தேனா? இந்தப் பள்ளி மண்டபத்துக்குள் நுழையும்போதே இரண்டு தாளும் கண்ணில் பட்டிருக்கும், மூளைக்குச் செய்தி போகும் முன்னால் கால் தானாக இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். கால்கள் என்னைவிட விவரம். மண்டபம் முழுக்க ஜோடி ஜோடியாக நாற்காலிகள், ஒவ்வொரு ஜோடிக்கும் முன்னால் தரையில் ஒரு சிவப்பு மெத்தை. வருடத்துக்கு ஒரு நாள் இந்தச் சீனப்பள்ளியில் இப்படி நடக்கும், நன்னெறிப் பாடத்தில் படித்ததைப் பிள்ளைகள் செய்து காட்ட வேண்டும். மெத்தையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து, பெற்றவர்களை உரக்கக் கூப்பிட்டுத் தேநீர் கொடுக்க வேண்டும். போன வருடம்வரை ஹேமாவுக்கு இந்தச் சடங்கு இல்லை, நான்காம் வகுப்பிலிருந்துதான். மாமா வரவில்லை. கண்டெய்னர் லாரியை எடுத்துக்கொண்டு ஜோகூருக்குப் போய்விட்டார், "நீ போ கஸ்தூரி, உனக்குத்தான் தவ்கேகிட்ட பேசிப் பேசி சீனன் பழக்கமெல்லாம் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போனார். தவ்கே என்றால் நான் வேலை செய்கிற கடையின் சீன முதலாளி. அக்காள் புருஷனாக இருந்தபோதும் மாமாதான், என் கழுத்தில் தாலி கட்டிய பிறகும் மாமாதான். யாருக்கும் பெயர் மாறவில்லை.

"கோசோங் கா?" என்று ஒரு குரல். காலியா என்று மலாயில் கேட்கிறார் ஒரு சீனர், வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கிழவியைப் பிடித்துக்கொண்டு. அவருடைய அம்மாவாக இருக்கும், பேரப்பிள்ளையின் மண்டியிடலைப் பார்க்க வந்திருக்கிறாள், அவளுக்கு நாற்காலி இல்லை. என் பக்கத்து நாற்காலியைத்தான் கேட்கிறார். எடுத்துக்கோங்க என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் எல்லாமே முடிந்துபோயிருக்கும், ஒரே நாற்காலி, ஒரே ஆள், அப்பாவா அம்மாவா என்ற கேள்வியே இல்லை. என் வாய் என்ன சொன்னது தெரியுமா? "ஆடா ஓராங்." ஆள் இருக்கு. அவர் மன்னிப்புக் கேட்பது போலத் தலையை ஆட்டிவிட்டு எங்கேயோ போய் ஒரு முக்காலி கொண்டுவந்து, கிழவியை எனக்குப் பின்னாலேயே உட்காரவைத்தார். நான் பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். நீல நிறப் பிளாஸ்டிக், விளிம்பில் ஒரு கீறல், ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களின் வழியாக வெயில் கோடு கோடாக அதன்மேல் விழுந்திருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் ஆள் இருக்கு என்று சொன்ன பிறகு ஒரு நாற்காலியை எப்படிப் பார்த்தாலும் அது காலி நாற்காலி ஆவதில்லை. சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். கூப்பிட்டது போல ஆகிவிட்டது. நீ எப்போதுமே கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஆள், யோகாக்கா. வந்துவிட்டாய். ஆஸ்பத்திரியில் கடைசியாகப் போட்டிருந்த அந்தப் பச்சை ஸ்வெட்டர், எண்ணெய் வைக்காமல் பறந்த முடி, ஒரு காலை ஆட்டிக்கொண்டே. அந்தக் காலை ஆட்டாதே என்று அம்மா எத்தனை தரம் திட்டியிருப்பாள். நான் திரும்பிப் பார்க்கப் போவதில்லை. நேராக மேடையைப் பார்க்கிறேன். உன் பக்கத்துக் கை மட்டும் எனக்குச் சில்லென்று இருக்கிறது, மேலே விசிறி ஓடுகிறது, அதனால்தான் இருக்கும்.

காலையில் ஹேமா உன்னிடம் என்ன சொன்னாள்? அதைச் சொல்லு முதலில். சீருடை போட்டு, இரட்டைப் பின்னல் போட்டு, காலுறையெல்லாம் மாட்டிக்கொண்டு உன் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். தினமும் நிற்பாள்தான், ஒரு கும்பிடு, திருநீற்றை ஒரு தொடு, ஓடிவிடுவாள். இன்றைக்கு ஓடவில்லை. உதடு அசைந்தது. நான் சமையல்கட்டில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன், அந்தச் சனியன் பிடித்த மிக்சி போட்ட சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நிறுத்தினேன். நிறுத்தியதும் அவளும் நிறுத்திவிட்டாள். மறுபடி போட்டேன், மறுபடி உதடு அசைந்தது. சட்னி தண்ணீராகிப் போயிற்று. அவ்வளவு நேரம் ஒரு பிள்ளை ஒரு படத்திடம் என்ன பேசும்? ஏதாவது புகார் சொல்லியிருப்பாளா, சித்தி நேற்று அடித்தாள் என்று? அடிக்கவில்லை, ஓங்கினேன், அதுவும் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கு. அல்லது உனக்கு வாக்குக் கொடுத்திருப்பாளா? பயப்படாதம்மா, நான் யாரையும் அம்மான்னு கூப்பிட மாட்டேன் என்று. அப்படித்தான் இருக்கும். அப்படித்தான். அவள் கண்ணை மூடி நின்ற விதம் அப்படி. அது வாக்குக் கொடுக்கிற முகம், எனக்குத் தெரியும், அது உன் முகம், மாமாவைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்ல நீ நின்ற அதே முகம். ஏம்மா இவ்வளவு நேரம் என்று கேட்டேன். "சும்மா சித்தி" என்றாள். சும்மாவாம். சும்மா என்று சொல்கிற பிள்ளையிடம் அதற்குமேல் என்ன கேட்க முடியும்.

இந்தப் பள்ளியே உன் வேலைதானே. தமிழ்ப்பள்ளி வீட்டுக்கு எதிரே இருக்கிறது, நடந்து போகலாம், நீ, நான், மாமா மூன்று பேரும் படித்த பள்ளி. நீ கேட்கவில்லை. "சீனப்பள்ளியிலதான் ஒழுக்கம் சொல்லித் தர்றாங்க கஸ்தூரி, பெரியவங்களுக்கு மரியாதை, அப்பா அம்மாவுக்கு மரியாதை, சும்மா பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ண வைக்கிறாங்க லா" என்றாய், அவள் பாலர் பள்ளிக்குக்கூடப் போகாத வயதில். உனக்கு ஒரு வார்த்தை சீனம் தெரியாது, உன் பிள்ளைக்குச் சீன ஒழுக்கம் வேண்டும். அப்புறம் டெங்கி வந்து ஒரே வாரத்தில் போய்விட்டாய், சேர்க்கிற வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் இந்த மண்டபத்துக்கு வந்தபோது மேடைக்குப் பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன், நீளத் தாடி, நீளச் சட்டை, கையைக் குவித்து நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு. கன்பூசியஸ். நான் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். எல்லாரும் பார்த்தார்கள். ஹேமா என் துப்பட்டாவை இழுத்து, "அது சாமி இல்ல சித்தி, வாத்தியாரு" என்றாள். வாத்தியார் என்றால் சும்மா வாத்தியார் இல்லை. செத்து எத்தனையோ காலமாகியும் இன்னும் இந்தப் பிள்ளைகளைத் தூங்கவிடாத வாத்தியார். போன வாரம் இராத்திரிச் சாப்பாட்டில் கருவாட்டைப் பிய்த்துக்கொண்டே சொல்கிறாள், லியோங் லாவ்ஷி சொன்னாங்களாம். லாவ்ஷி என்றால் ஆசிரியர். பெயர் சரியாக இருக்க வேண்டுமாம். அப்பா என்று கூப்பிட்டால் அந்த ஆள் அப்பாவாக இருக்க வேண்டும், பிள்ளை என்றால் பிள்ளையாக இருக்க வேண்டும், பேர் ஒன்றும் ஆள் ஒன்றுமாக இருந்தால் வீடும் கெடும் நாடும் கெடும் என்று கன்பூசியஸ் நினைத்தாராம். "சரிதானே" என்றேன், நான் என்ன கண்டேன். அப்போதுதான் கேட்டாள். "சித்தி, டீ குடுக்கறப்ப அம்மான்னு கூப்பிடச் சொல்றாங்க. நீங்க அம்மா இல்லயே. கூப்பிட்டா பேர் தப்பாயிடும் இல்ல?" எழுந்துபோய்ச் சட்டியைத் தேய்க்க ஆரம்பித்தேன். "உன் இஷ்டம்மா" என்றேன், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. சட்டி ஏற்கெனவே தேய்த்து வைத்த சட்டி.

உன் இஷ்டம் என்று சொல்லியிருக்கக் கூடாது. பத்து வயதுப் பிள்ளையிடம் இஷ்டத்தைக் கொடுத்துவிட்டு இப்போது அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். கூப்பிடாதே என்றாவது சொல்லியிருக்கலாம். இரண்டில் எது வேண்டும் எனக்கு? ஒருமுறை கிளினிக்கில் தாதி வெளியே வந்து, ஹேமாஷினி அம்மா உள்ளே வாங்க என்றாள். "அம்மா இல்ல, சித்தி" என்று இவள் வாய்விட்டுச் சொன்னாள், மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும்போதும் திருத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அம்மா என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், அது என் பேராக இருந்தால் எப்படி இருக்கும் என்று. நீ கதவுக்கு வெளியே நின்று கேட்டிருப்பாய் என்று தோன்றியதும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வேண்டும். ரொம்ப வேண்டும். ஒரு தரமாவது அவள் வாயால் கேட்க வேண்டும். ஆனால் உன் வீடு, நீ பேரம் பேசி வாங்கிய சட்டிபானை, உன் புருஷன், உன் பிள்ளை, எல்லாவற்றிலும் நீ இறங்கிப்போன சூடு ஆறுவதற்குள் நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். யாரும் தப்பு சொல்லவில்லை, பிள்ளைக்காக என்று எல்லாரும்தான் கூடிப் பேசிச் செய்துவைத்தார்கள். மிச்சம் இருப்பது அந்த ஒரு சொல்தான். அதுவும் என்னிடம் வந்துவிட்டால் உனக்கு இந்த உலகத்தில் என்ன இருக்கிறது? அதை நினைத்தால் வேண்டாம் என்றிருக்கிறது. வேண்டாம் என்று நினைத்தால் மறுபடியும் வேண்டும் என்றிருக்கிறது. இன்னொரு பயமும் இருக்கிறது. சீனத்தில் அம்மாவின் தங்கைக்கு ஆயீ என்று ஒரு சொல் இருக்கிறதாம், ஹேமாதான் சொன்னாள். ஆனால் கேன்டீனில் மீ நூடுல்ஸ் விற்கிற பொம்பளையும் ஆயீதானாம், சாலை கூட்டுகிறவளும் ஆயீதானாம். இத்தனை பேர் முன்னால் மண்டியிட்டு, ஆயீ, டீ குடிங்க என்று சொல்லிவிட்டாளானால்? கொதித்த மீ ஒரு கிண்ணம் நான் கொடுக்க வேண்டியதுதான்.

மேடைக்கு இடது பக்கச் சுவரில் பெரிதாக ஐந்து படம் வரைந்திருக்கிறார்கள். ஐந்து உறவு. இதுவும் அந்தத் தாடிக்காரருடைய பாடம்தான். அரசனும் குடியும், அப்பாவும் பிள்ளையும், புருஷனும் பெண்டாட்டியும், அண்ணனும் தம்பியும், சிநேகிதனும் சிநேகிதனும். உலகத்தில் இருக்கிற அத்தனை பேரும் இந்த ஐந்துக்குள் அடங்கிவிடுவார்களாம், அவரவர் இடத்தில் அவரவர் ஒழுங்காக இருந்தால் போதுமாம். ஹேமா இதைப் பார்த்து வரைந்து வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். ஒட்டிய அன்றைக்கு நான் விளையாட்டாகக் கேட்டேன், "இதுல சித்தி எங்கடி வர்றேன்?" அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பென்சிலைக் கடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "யோசிச்சு சொல்றேன் சித்தி" என்றாள். சொல்லவே இல்லை. எங்கேயும் வரவில்லை என்று சொல்லப் பிள்ளைக்குச் சங்கடம் என்று நினைத்து நானும் விட்டுவிட்டேன். இப்போது இந்தச் சுவரைப் பார்க்கிறேன். அண்ணன் தம்பி படத்தில் இரண்டு பையன்கள், உச்சியில் குடுமி, பெரியவன் பழத்தை நீட்டுகிறான், சின்னவன் குனிந்து வாங்குகிறான். வீட்டில் இருக்கிறது இப்படி இல்லையே. தினமும் பால் எடுக்க, மீன் எடுக்க அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், ஒழுங்காகப் பார்த்ததில்லை. அதில் குடுமி இல்லை. அதில் பின்னல். இரண்டும் பெண் பிள்ளைகள். உயரமானவள் கையில் பழம் இல்லை, டம்ளர். குட்டையானவளுக்கு மூக்குக் கண்ணாடி. மூன்றாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போட்டது இந்த வீட்டில் நான் ஒருத்திதான். அடிப்பாவி. யோசித்துச் சொல்கிறேன் என்றவள் அன்றைக்கே அழித்து வரைந்து சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறாள், நான்தான் குருடி மாதிரிக் கதவைத் திறந்து மூடியிருக்கிறேன்.

டம்ளர் கதையை நான்தான் அவளுக்குச் சொன்னேன். எஸ்டேட் வீட்டில் சாயங்காலம் ஒரு டம்ளர் டீதான் நம் இரண்டு பேருக்கும். நீ முதல் பாதி, நான் இரண்டாவது பாதி. நீ குடித்து முடிக்கிற வரைக்கும் உன் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பேன், ஒரு மடக்கு கூடப் போய்விடுமோ என்று. ஒரு நாளும் கூடப் போனதில்லை. பாதிக்கு வந்ததும் யாரோ நிறுத்தியது போல நிறுத்துவாய். சீனி அடியில் தங்கியிருக்கும், அதனால் என் பாதிதான் இனிப்பு, அது தெரிந்துதான் நீ முதல் பாதியை எடுத்துக்கொண்டாய் என்பது எனக்குப் பெரியவளான பிறகுதான் உறைத்தது. கடக். கடக். என்ன சத்தம் அது? ஐஸ் கட்டியைக் கடிக்கிற சத்தம். காதுக்குப் பக்கத்தில். ஹேமா வயிற்றில் இருந்தபோது உனக்கு இரத்தம் குறைவு என்றார்கள், நீ நாள் முழுக்க ஐஸ் கட்டியைத்தான் கடித்துக்கொண்டிருந்தாய், அந்தச் சத்தத்தைக் கேட்டால் எனக்குப் பல் கூசும். திரும்ப மாட்டேன். கடக். யோகாக்கா, சும்மா இரேன். பின்னால் அந்தச் சீனர் அவருடைய அம்மாவிடம் ஏதோ அதட்டுகிறார், பல்லு, பல்லு என்கிற மாதிரி. மெல்லத் திரும்பினேன். முக்காலிக் கிழவி ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸ் மைலோ வைத்துக்கொண்டு உறிஞ்சி முடித்துவிட்டு ஐஸைக் கடிக்கிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நானும் சிரித்தேன். கிழவிதான். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்ட பிறகும் ஒரு கடக் கேட்டது.

மூன்றாவது வரிசையில் பிள்ளைகள் மண்டியிட ஆரம்பித்துவிட்டார்கள். லியோங் லாவ்ஷி ஒலிபெருக்கியில் சீனத்தில் ஏதோ சொல்ல, இந்தப் பக்கம் ஒரு சீனத் தகப்பன், கையெல்லாம் பச்சை குத்தியிருக்கிறது, மகன் கோப்பையை நீட்டியதும் குலுங்கிக் குலுங்கி அழுகிறான். அவன் பெண்டாட்டி அழவில்லை, போனில் படம் பிடிக்கிறாள். கோப்பையை அவர்கள் வாங்கிக் குடித்து முடிக்கிற வரைக்கும் பிள்ளை எழுந்திருக்கக் கூடாது, அதுதான் முறை. நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் கடையில் சீனர்கள் செத்தவர்களுக்கு எரிக்கிற காகிதப் பணம், காகித வீடு, காகிதச் செருப்பெல்லாம் விற்கிறோம், தங்க நிறக் காகிதக் கட்டியை மடித்து மடித்து என் விரல் நுனியெல்லாம் தங்கப் பொடி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் தவ்கே ஒரு விஷயம் சொன்னார். உயிரோடு இருப்பவருக்குத் தேநீர் என்றால் கையில் பிடித்து நீட்டி, வாங்குகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். செத்தவருக்கு என்றால் கீழே வைத்துவிட வேண்டும், காத்திருக்கக் கூடாது. காத்திருந்தால் அவர்களுக்குச் சங்கடமாம், கை வராதே. ஒரு ஆள்தான் வந்திருக்கிறது என்று ஆசிரியரிடம் சொல்லிவிட்டதால் ஹேமாவின் தட்டில் ஒரு கோப்பைதான் இருக்கும். அந்த ஒரு கோப்பையை அவள் பிடித்து நீட்டுவாளா, கீழே வைப்பாளா? இந்தப் பிள்ளை அந்தக் கடையில்தான் பள்ளி விட்டு வந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது. தவ்கே சொன்னது எனக்குத் தெரிந்தால் அவளுக்கும் தெரியும். அவள் நேராக வந்து, பெட்டியும் புள்ளியும் ஒட்டிய அந்த நாற்காலியில் கோப்பையை வைத்துவிட்டு, மூன்று தரம் குனிந்துவிட்டு, என்னைப் பார்க்காமல் போய்விடுவாள். பேரும் சரியாக இருக்கும், ஆளும் சரியாக இருக்கும். நான் அப்பா நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போதாவது மாறி உட்காரலாம். இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் உன்மேல் எப்படி உட்காருவது? எழுந்துகொள் என்று அக்காவிடம் சொல்லித் தங்கைக்குப் பழக்கம் இல்லை, சுவரிலேயே வரைந்திருக்கிறது பார், சின்னது குனிந்து வாங்கத்தான் வேண்டும், கேட்கக் கூடாது.

நான்காம் வகுப்பு என்று சொல்லியிருக்க வேண்டும், வரிசை அசைகிறது. வந்துவிட்டாள். தட்டில் ஒரு கோப்பை, தளும்பாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு அடிமேல் அடி வைத்து வருகிறாள். மெத்தைக்குப் பக்கத்தில் நின்றாள். முதலில் என் தலைக்குப் பின்னால் இருக்கிற தாளைப் பார்த்தாள். அப்புறம் பக்கத்து நாற்காலியின் தாளைப் பார்த்தாள். அவள் புருவம் சுருங்கியது, கணக்கில் தப்பு கண்டுபிடித்தால் சுருங்குமே, அப்படி. குனிந்து தட்டைக் கீழே வைத்தாள். கீழே வைத்துவிட்டாள். முடிந்தது. "சித்தி" என்றாள், மெதுவாக, தமிழில். "இது அப்பா நாற்காலி. தள்ளி உட்காருங்க." நான் அவளைப் பார்த்தேன். என் வாய், இன்றைக்கு என் பேச்சையே கேட்காத அந்த வாய், மறுபடியும் சொல்லிவிட்டது. "அங்க ஆள் இருக்கும்மா." பிள்ளை பயந்துவிடப் போகிறது, பைத்தியம் என்று நினைக்கப் போகிறது. அவள் பயப்படவில்லை. ஆச்சரியம்கூடப் படவில்லை. "தெரியும்" என்றாள். "காலைலயே சொல்லிட்டேன். அம்மா சரின்னுட்டாங்க. நேரமாகுது சித்தி, பின்னால ஆள் நிக்குது, உட்காருங்க."

எழுந்தேன். ஒரு எட்டுதான், அதற்குள் எவ்வளவு யோசித்துவிட்டேன். உட்கார்ந்தேன். நாற்காலி சூடாக இருந்தது, யாரோ இப்போதுதான் எழுந்து போனது போன்ற சூடு. வெயில் பட்ட பிளாஸ்டிக் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் முதுகைச் சாய்க்காமல் நுனியில் உட்கார்ந்தேன். ஹேமா மண்டியிட்டாள், பாவாடையைச் சரிசெய்துகொண்டாள், கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து நெற்றிக்கு நேராகத் தூக்கினாள். லியோங் லாவ்ஷி பக்கத்தில் வந்து நிற்கிறார், பெயரைச் சொல்லு என்பது போலத் தலையசைக்கிறார். ஹேமா மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி, "சித்தி, சிங் ஹெ ச்சா" என்றாள். தேநீர் அருந்துங்கள் என்பது சீனத்தில், முன்னால் இருந்த சொல் மட்டும் தமிழில். ஆசிரியர் ஏதோ கேட்டார். இவள் மண்டியிட்டபடியே, கோப்பையை இறக்காமல், திரும்பிப் பார்க்காமல் சீனத்தில் பதில் சொன்னாள், ஆசிரியர் என்னையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய்விட்டார். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. அம்மா என்று கூப்பிடவில்லை. ஒரு கணம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவள் பிறந்த அன்றைக்கு, நீ படுத்துக்கொண்டே அவளை என் கையில் கொடுத்து, "இந்தா, சித்திகிட்ட போ" என்றாயே, அந்தச் சொல்தான் இது. நீ வைத்த பேர். இத்தனை வருடமும், உன்னிடமிருந்து திருடிய வீட்டில் எனக்கு மிஞ்சிய பேர் அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோப்பை கனக்கிறது அவளுக்கு, காத்திருக்கிறாள். நீட்டிப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். இரண்டு கையாலும் வாங்கினேன். சீனி இல்லாத, பால் இல்லாத வெறும் கசப்புத் தண்ணீர், ஆறிப்போயிருந்தது. குடித்தேன். பாதிக்கு வந்ததும் தொண்டை தானாக நின்றுவிட்டது. நான் முதல் பாதியைக் குடித்தது இதுதான் முதல் தடவை. கோப்பை கையிலேயே இருக்கிறது, வலது பக்கம் யாரிடமோ நீட்டப் போவது போல என் கை திரும்புகிறது, அப்பா நாற்காலியில் ஒருவரும் இல்லை, பச்சை ஸ்வெட்டர் இல்லை, ஆடுகிற கால் இல்லை. "முழுசா குடிக்கணும் சித்தி" என்று கீழே இருந்து கிசுகிசுத்தாள் ஹேமா. "மிச்சம் வெச்சா நான் எழுந்திரிக்க முடியாது." நான் அவள் முட்டியைப் பார்த்தேன், மெத்தையில் அழுந்திச் சிவந்திருந்தது. கோப்பையைத் திரும்ப வாயில் வைத்தேன், அக்காவின் பாதியையும் நானே குடித்தேன்.